கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைக்கலாம்

கேள்வி:

எனக்கு வயது 46. திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு கிராமம். என் கணவர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்து இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகிறது. பேச்சும் போய்விட்டது. நான் வீட்டிலேயே மிஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறேன். மகன் பிளஸ் டூ படிக்கிறான். நகை எல்லாம் அடகில் இருக்கிறது. ராத்திரி மூன்று தடவையாவது எழுந்து அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை தோறும் உபவாசம் இருந்து ஜெபிக்கிறேன்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி கஞ்சி ஊட்டும்போது அவர் இடது கையால் கிண்ணத்தைத் தட்டிவிட்டார். மறுநாள் கொடுக்க வேண்டிய துணி மேலெல்லாம் கொட்டிவிட்டது. நான் அவர் கன்னத்தில் அறைந்துவிட்டேன். அவர் அழுதார். மகன் வாசலில் நின்று பார்த்தான். அதிலிருந்து திருவிருந்து எடுக்கக் கூசுகிறது. இச்சையடக்கம் ஆவியின் கனி என்றால், என்னிடம் ஆவியானவர் இல்லையா? வருடப் பிறப்பு ஆராதனையில் எனக்கு அட்டையில் வந்த வாக்குத்தத்த வசனம் எரேமியா 29:11. அந்த அட்டையைப் பார்த்தாலே இப்போது கோபம் வருகிறது. சில நாள் காலையில் கண் விழிக்காமலே போய்விட்டால் நல்லது என்று தோன்றுகிறது. நான் என்ன செய்ய?

(பெயர் வேண்டாம்)

பதில்:

அன்புள்ள சகோதரி,

கண் விழிக்காமலே போய்விட்டால் நல்லது என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்து தொடங்குகிறேன். களைப்பு மிஞ்சும்போது அப்படி ஒரு நினைப்பு பலருக்கும் வரும். அதையும் தாண்டிப் போயிருக்கவும் கூடும். கடிதத்தை வைத்து என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் நேராகவே கேட்கிறேன். சாக வேண்டும் என்று நினைக்கிறீர்களா? எப்படி என்று யோசித்தது உண்டா? உங்கள் மனசு 'ஆமாம்' என்று சொன்னால், மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம். முதலில் 14416-க்குப் போன் போடுங்கள். டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் அது, காசு கிடையாது, ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். 104 என்கிற சுகாதார உதவி எண்ணுக்கும் பேசலாம். பக்கத்தில் இருக்கும் ஒருவரிடமாவது இன்றைக்கே வாய் விட்டுச் சொல்லுங்கள். இதை வெளியே சொல்வது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எலியா தீர்க்கதரிசி கடவுளிடமே இதைச் சொன்னவர். "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்றார். கடவுள் அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. எலியாவிடம் நாம் திரும்பி வருவோம்.

இனி அந்த அறை. கை தூக்கித் தடுக்க முடியாத ஒருவரை அடித்தது தப்புதான். உங்கள் மனசு அதில் உறுத்துவது சரியானது, அந்த உறுத்தலை நான் துடைத்துவிடப் போவதில்லை. ஆனால் அந்த ஒரு அறையை வைத்து ஆவியானவர் உங்களை விட்டுப் போய்விட்டார் என்ற முடிவுக்குப் போயிருக்கிறீர்கள். அந்த முடிவு உறுத்தலில் வந்ததில்லை. ரொம்ப நாள் தூங்காத மனசு அப்படித்தான் கணக்குப் போடும்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்றாவது தடவைதான் கண்ணில் பட்டது: அது வெள்ளிக்கிழமை ராத்திரி. வெள்ளிக்கிழமை நீங்கள் உபவாசம். அப்படியானால் அந்தக் கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் எடுக்கும்போது நீங்கள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. முந்தின ராத்திரி மூன்று தடவை எழுந்திருக்கிறீர்கள். பகல் முழுக்க மிஷினில் உட்கார்ந்திருக்கிறீர்கள். தைத்த துணியை மறுநாள் கொடுத்தாக வேண்டும். இதையெல்லாம் சாக்காகச் சொல்லவில்லை. அடக்கம் எந்த இடத்தில் முறிந்தது என்று தெரிந்தால்தான் எந்த இடத்தில் முட்டுக் கொடுப்பது என்று தெரியும்.

வைத்தியத்திலும் இது தெரிந்த விஷயம்தான். கோபத்தைப் பிடித்து நிறுத்துகிற வேலையைச் செய்வது மூளையின் முன்பகுதி. தூக்கம் குறைந்தால் முதலில் சோர்ந்து போவது அதுதான். இரண்டு வருடமாக ஒரு ராத்திரிகூட முழுசாகத் தூங்காத ஒருவர் கிண்ணம் கவிழ்ந்ததும் நிதானமாக இருந்தால்தான் நான் ஆச்சரியப்படுவேன்.

சரி, எலியாவிடம் வருவோம். முதல் இராஜாக்கள் 19-ஆம் அதிகாரம். சாக வேண்டும் என்று சொல்லிவிட்டு சூரைச்செடியின் கீழே படுத்துத் தூங்கிப்போனார். தூதன் வந்து தொட்டு எழுப்பினான். வசனம் சொல்லவில்லை, கண்டிக்கவும் இல்லை. "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டார், குடித்தார், மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதன் மறுபடி வந்து மறுபடியும் சாப்பிடச் சொன்னான். இரண்டாவது தடவை ஒரு காரணமும் சொன்னான்: நீ போக வேண்டிய பிரயாணம் வெகுதூரம். கடவுள் அமர்ந்த மெல்லிய சத்தத்தில் பேசினது இதற்கெல்லாம் பிறகு. முதலில் அடை, தண்ணீர், தூக்கம். இந்த வரிசையைக் கவனியுங்கள்.

அதனால் உங்களிடம் ஒரு காரியம் கேட்கப் போகிறேன், கோபிக்க வேண்டாம். வெள்ளிக்கிழமை உபவாசத்தை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். ஜெபத்தை நிறுத்தச் சொல்லவில்லை. நோயாளியைத் தனியாகப் பார்க்கிற ஒருவர் பட்டினி கிடப்பதை ஆண்டவர் உங்களிடம் கேட்கிறார் என்று நான் நம்பவில்லை. ராத்திரி அவருக்கு ஊட்டுவதற்கு அரை மணி நேரம் முன்னால் நீங்கள் சாப்பிட்டுவிடுங்கள். நம் வீடுகளில் பெண் கடைசியாகச் சாப்பிடுவதுதான் வழக்கம், எனக்கும் தெரியும். உங்கள் வீட்டில் அந்த வழக்கத்தை மாற்றியே ஆக வேண்டும். எலியாவுக்குத் தூதன் சொன்னதை உங்களுக்கும் சொன்னதாக எடுத்துக்கொண்டு தட்டைப் போடுங்கள்.

இச்சையடக்கம் என்ற வார்த்தையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நம் பழைய மொழிபெயர்ப்பில் அப்படி இருப்பதால், அந்த வசனம் குடிக்கிறவருக்கும் தப்பான வழியில் போகிறவருக்கும்தான் என்று பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். உங்களைப் போன்றவர்களோ அதை ஒரு பரீட்சைத் தாள் மாதிரி வைத்து மார்க் போட்டுக்கொள்கிறீர்கள். திருவிவிலியம் என்கிற பொது மொழிபெயர்ப்பில் அதே இடத்தில் 'தன்னடக்கம்' என்று இருக்கும். மூலக் கிரேக்கத்தில் அந்த வார்த்தைக்கு வேர், வலிமை என்று பொருள்படும் ஒரு சொல். உள்ளே ஒரு வலு இருக்கிறது, அதனால் பிடித்து நிறுத்த முடிகிறது என்பது அதன் கருத்து. இன்னொன்று, அந்த வசனத்தை எழுதின பவுல் அதைக் கனி என்கிறார். ஒரு சப்போட்டாக் கன்று நட்ட வருடமே காய்ப்பதில்லை. தண்ணீர் இல்லாத வருடம் பிஞ்சிலேயே உதிர்ந்தும் போகும். பிஞ்சு உதிர்ந்தால் மரம் செத்துவிட்டது என்று யாரும் வெட்டிப் போடமாட்டார்கள். வேருக்குத் தண்ணீர் போகிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

நம்பிக்கையைப் பற்றியும் இதேபோல ஒன்று சொல்ல வேண்டும். நம்பிக்கை இருந்தால்தான் சகிக்க முடியும், எனக்கு நம்பிக்கையே போய்விட்டது, அதனால்தான் இப்படி ஆகிவிட்டது என்கிற எண்ணம் உங்கள் கடிதம் முழுக்க இருக்கிறது. ரோமர் 5-ல் பவுல் வேறு வரிசை வைத்திருக்கிறார். உபத்திரவம் பொறுமையை உண்டாக்கும், பொறுமை பரீட்சையை, பரீட்சை நம்பிக்கையை. நம்பிக்கை கடைசியில்தான் வருகிறது. நடுவில் இருக்கிற 'பரீட்சை' என்ற சொல்லும் பள்ளிக்கூடப் பரீட்சை இல்லை. உலோகத்தைச் சோதித்து, இது தேறியது என்று எடுத்து வைப்பதைப் போன்ற ஒரு சொல் அது. நகையை அடகு வைக்கப் போனபோது உரைகல்லில் தேய்த்துப் பார்த்திருப்பார்களே, அந்த மாதிரி. கத்தோலிக்க நண்பர்கள் இந்த நம்பிக்கைக்கு 'எதிர்நோக்கு' என்று ஒரு நல்ல சொல் வைத்திருக்கிறார்கள். எதிரே பார்த்துக்கொண்டிருப்பது. அதற்கு மனசில் சந்தோஷம் இருந்தே ஆக வேண்டும் என்று இல்லை. நீங்கள் இரண்டு வருடம் நான்கு மாதமாக ராத்திரி ராத்திரி எழுந்து ஒரு மனுஷனைப் புரட்டிப் படுக்க வைத்திருக்கிறீர்கள். அவருக்குப் படுக்கைப் புண் இருப்பதாக உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. அது எவ்வளவு பெரிய காரியம் என்று ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற எனக்குத் தெரியும். அதை நீங்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

என் கதையையும் கொஞ்சம் சொல்கிறேன். என் அம்மாவுக்கு ஞாபக மறதி நோய் வந்து நாலு வருடம் என்னோடு இருந்தார்கள். ஒரே கேள்வியை நாற்பது தடவை கேட்பார்கள். அப்போதே நான் மற்றவர்களுக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தவள். ஒருநாள் சாயங்காலம் கையில் இருந்த எவர்சில்வர் டம்ளரைத் தரையில் ஓங்கி எறிந்தேன். அது உருண்டு கட்டிலுக்கு அடியில் போய் நின்ற பிறகும் அந்தச் சத்தம் என் காதில் இருந்தது. அம்மா பயந்து போய் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டார்கள். அந்தக் கைகளை நான் இன்னும் மறக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி முழங்கால் போட்டு, இனிமேல் கோபமே பட மாட்டேன் என்று ஆண்டவரிடம் சத்தியம் செய்தேன். ஐந்து நாள்கூடத் தாங்கவில்லை. தாங்கினது வேறு ஒன்று. என் தங்கை வாரத்துக்கு இரண்டு ராத்திரி வந்து அம்மாவோடு படுத்துக்கொள்ள ஆரம்பித்தாள். அந்த இரண்டு ராத்திரித் தூக்கம் எனக்குச் செய்ததை அந்தச் சத்தியம் செய்யவில்லை.

அதனால் நீங்களும் சத்தியம் எதுவும் செய்ய வேண்டாம். ராத்திரி கஞ்சி நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

அவருக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்து ஊட்டுகிறீர்கள்? வலது பக்கம் என்றால் இன்றைக்கே மாற்றுங்கள். வலது கை, கால் விழுந்து பேச்சும் போனால், பாதிப்பு மூளையின் இடது பக்கத்தில் என்று அர்த்தம். அப்படிப்பட்டவர்களில் சிலருக்கு வலது பக்கப் பார்வையும் மறைந்திருக்கும். கண் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் வலது பக்கம் இருந்து வருகிற ஸ்பூன் தெரியாது. திடீரென்று வாய்க்கு முன்னால் ஏதோ வந்ததும் கை தானாகத் தட்டிவிடும். அவருக்கும் அப்படியா என்று டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். அது இல்லையென்றாலும், 'சூடாக இருக்கிறது', 'போதும்', 'இன்னும் விழுங்கவில்லை' என்பதைச் சொல்ல அவருக்கு வேறு வழி என்ன இருக்கிறது? இடது கையைத் தூக்கினால் 'போதும்' என்று அர்த்தம், விரலை ஆட்டினால் 'சூடு' என்று அர்த்தம் என இரண்டு சைகை பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவரை நிமிர்ந்து உட்கார வைத்து ஊட்டுங்கள். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரமாவது சாய்க்க வேண்டாம். கஞ்சி நீர்த்துப் போய் இருந்தால் சிலருக்குப் புரையேறும், கொஞ்சம் கெட்டியாக இருக்கட்டும். முக்கியமாக, அந்த நேரத்தில் தைத்த துணி அந்த அறையிலேயே இருக்க வேண்டாம்.

அப்படியும் கோபம் வரும். வரும்போது உடம்பு முன்னாலேயே சொல்லும். எனக்குத் தாடை இறுகும். உங்களுக்கு எங்கே என்று கவனித்து வையுங்கள். அது தெரிந்த உடனே கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிடுங்கள். அவர் வாயில் ஒன்றும் இல்லை, விழாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்துக்கொண்டு, "இதோ வந்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டுப் புறவாசலுக்குப் போங்கள். குழாயைத் திறந்து முகம் கழுவுங்கள். மூச்சை மெதுவாக விட்டு, "ஆண்டவரே, இரங்கும்" என்று மட்டும் சொல்லுங்கள். இரண்டே வார்த்தை போதும். எரிகோ வழியில் உட்கார்ந்திருந்த குருடன் இயேசுவைக் கூப்பிட்டதும் ஏறக்குறைய இவ்வளவுதான். கஞ்சி ஆறிப்போனால் போகட்டும், சுட வைத்துக்கொள்ளலாம். இதை அவரிடமும் மகனிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அம்மா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் போனால் வெறுத்துப் போகிறாள் என்று அர்த்தம் இல்லை என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

இதையும் மீறி மறுபடி கை நீண்டுவிட்டால், அன்றைக்கே வேறு யாராவது ஒருவர் ராத்திரி ஊட்டும் பொறுப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். அதில் வெட்கம் பார்க்கக் கூடாது, அவருடைய பாதுகாப்பு முக்கியம்.

அவர் அழுததைப் பற்றியும் ஒரு வார்த்தை. பக்கவாதத்துக்குப் பிறகு சிலருக்கு அழுகையும் சிரிப்பும் கட்டுப்பாட்டில் இருக்காது. சின்ன விஷயத்துக்கும் அழுவார்கள், சம்பந்தம் இல்லாமல் சிரிப்பார்கள். அன்றைக்கு அவர் அழுதது வலித்ததால்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அவர் அழுகிற ஒவ்வொரு தடவையும் அது உங்கள் மேல் குற்றச்சாட்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்னொன்று, பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு நோயும் வருகிறது. அதற்கு மருந்து உண்டு. அவரைக் காட்டப் போகும்போது உங்களையும் காட்டுங்கள். தூக்கம், பசி, எதிலும் பிடிப்பு இல்லாமை இதையெல்லாம் மறைக்காமல் சொல்லுங்கள். உங்களுடைய ரத்தம், சர்க்கரை, தைராய்டு, பிரஷர் எல்லாம் கடைசியாக எப்போது பார்த்தது?

பேச்சு போய்விட்டது என்பதால் அவருக்குப் புரிவதும் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். பேசுவதைவிட அதிகமாகவே புரியும் பலருக்கு. ஆகவே அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். தூங்கும்போது இல்லை, விழித்திருக்கும்போது, முகத்தைப் பார்த்து. "அன்னைக்கு அடிச்சது தப்பு, என்னை மன்னிச்சிருங்க" என்று சொன்னால் போதும். அடித்ததற்குக் காரணம் எதுவும் சேர்க்க வேண்டாம். மகனும் பக்கத்தில் இருக்கட்டும். அறைந்ததைப் பார்த்த கண் இதையும் பார்க்க வேண்டும். திருவிருந்துக்குக் கூசுகிறது என்றீர்கள். பலிபீடத்தண்டை காணிக்கையை வைத்துவிட்டு, முதலில் போய் ஒப்புரவாகு, பிறகு வா என்றுதான் இயேசு சொன்னார். வரவே வேண்டாம் என்று சொல்லவில்லை. கணவரிடம் பேசிவிட்டு அடுத்த ஞாயிறு போங்கள். உறுத்தல் இன்னும் இருந்தால் சபை ஐயரவர்களிடம் தனியாகப் பேசுங்கள்.

சபையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு, சொல்லிவிடுகிறேன். நம் சபைகளில் ஒரு நோயாளி வீடு என்றால் முதல் மாதம் வரிசையாக வந்து ஜெபிப்பார்கள், ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையும். இரண்டாவது வருடம் யாரும் வரமாட்டார்கள். கெட்ட மனசு என்று சொல்ல மாட்டேன். என்ன செய்வது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். ஆகவே நீங்கள் கேட்க வேண்டும். "எங்களுக்காக ஜெபிச்சுக்கோங்க" என்று கேட்டால் ஜெபித்துவிட்டுப் போய்விடுவார்கள். "செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒருவர் வந்து தங்க முடியுமா, எனக்கு ஒரு ராத்திரி தூங்கணும்" என்று பெண்கள் சங்கத்தில் கேளுங்கள். ஆண்களில் யாராவது ஞாயிறு காலை வந்து அவரைக் குளிப்பாட்ட முடியுமா என்று கேளுங்கள். கிழமையும் நேரமும் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

கலாத்தியர் 5:23-ல் இச்சையடக்கம் வருகிறது. அங்கிருந்து ஐந்தாவது வசனம், "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்பது. நடுவில் அதிகாரம் மாறுவதால் நாம் இரண்டையும் சேர்த்துப் படிப்பதில்லை. அந்த அதிகாரப் பிரிவு பவுல் போட்டதில்லை, 13-ஆம் நூற்றாண்டில் போட்டது. பவுலுக்கு அது ஒரே பேச்சு.

தன் ஆவியை அடக்காதவன் மதிலிடிந்த பட்டணம் என்று நீதிமொழிகளில் ஒரு வசனம் இருக்கிறதே, அதைச் சொல்லி உங்களை யாராவது குத்தியிருக்கலாம். எருசலேமின் இடிந்த மதிலை எப்படிக் கட்டினார்கள் என்று நெகேமியா 3-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். வெறும் பெயர்ப் பட்டியல் என்று வாசிக்காமல் விடுகிற அதிகாரம் அது. ஆசாரியர்கள் ஒரு பக்கம், தட்டார்கள் ஒரு பக்கம், தைலக்காரர் ஒருவர், சல்லூம் என்பவரும் அவருடைய பெண்மக்களும் ஒரு பக்கம். பலர் தங்கள் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்ததைக் கட்டினார்கள். 52 நாளில் முடிந்தது. தனி ஆளாகக் கட்டினவர் ஒருவரும் இல்லை.

உங்கள் மாவட்டத்திலேயே டோனாவூர் இருக்கிறது. அங்கே ஊழியம் செய்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-ல் விழுந்து அடிபட்ட பிறகு, 1951-ல் இறக்கும் வரை பெரும்பாலும் படுக்கையில்தான் இருந்தார். அந்த இருபது வருடம் அவர் எழுதியதையும் பொறுமையாக இருந்ததையும் பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். நான் யோசிப்பது அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றவர்களைப் பற்றி. அங்கே ஒரு பெரிய குடும்பமே இருந்தது, மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. அதே வேலையை நீங்கள் ஒற்றை ஆளாக, மிஷினும் மிதித்துக்கொண்டு செய்கிறீர்கள்.

பணத்தைப் பற்றி இரண்டே விஷயம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் பராமரிப்பு உதவித்தொகைக்கு எழுதிக் கொடுத்தீர்களா? கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் கிடைக்கும், முதலில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுக்க வேண்டும். அப்புறம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' பற்றிக் கேளுங்கள். 2021-ல் தொடங்கிய திட்டம், வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும் அதில் உண்டு. இதற்கு அலைகிற வேலையை மகனிடமோ, சபையில் கொஞ்சம் விவரம் தெரிந்தவரிடமோ விடுங்கள்.

அந்த வாக்குத்தத்த அட்டைக்கு வருகிறேன். கோபம் வருகிறது என்று எழுதினீர்கள், எனக்குப் புரிகிறது. வருடப் பிறப்பு ராத்திரி அதைக் கையில் வாங்கும்போது, இந்த வருடம் அவர் எழுந்து நடந்துவிடுவார் என்று நினைத்திருப்பீர்கள். 'தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே' என்ற அந்த வசனம் ஒரு கடிதத்தில் இருந்து எடுத்தது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதின கடிதம். 11-ஆம் வசனத்துக்கு முந்தின வசனத்தில் எழுபது வருஷம் என்று இருக்கிறது. சீக்கிரம் வீடு திரும்பலாம் என்று சொல்லிக்கொண்டிருந்த தீர்க்கதரிசிகளை நம்ப வேண்டாம் என்று சொல்லத்தான் அதை எழுதினார். 5-ஆம் வசனத்தில், வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள் என்கிறார். அந்நிய ஊரில், சிறையிருப்பில் தோட்டம் போடச் சொல்கிறார். உங்கள் கணவர் முழுசாகக் குணமாவாரா என்று எனக்குச் சொல்லத் தெரியாது, அப்படி வாக்குக் கொடுக்கிறவர்களிடமும் ஜாக்கிரதையாக இருங்கள். ஆனால் அந்த அட்டையைக் கிழிக்க வேண்டாம். அதைச் சரியாகப் படித்தால் அது உங்கள் நிலைமையில் இருக்கிறவர்களுக்காகவே எழுதினது.

கடைசியாக ஒன்று. இதை மருந்து மாதிரி எடுத்துக்கொண்டு செய்யுங்கள்.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு பெரியவர் வந்திருந்தார். உங்கள் கணவரைப் போலவே வலது பக்கம் விழுந்து, பேச்சு போனவர். 'தண்ணி' என்று சொல்ல வராமல் தொண்டை நரம்பு புடைக்கும். ஒருநாள் அவருடைய மகள் தலை சீவிவிட்டுக்கொண்டே ஒரு கிறிஸ்மஸ் கீர்த்தனையை முணுமுணுத்தாள். இரண்டாவது வரியில் அவர் சேர்ந்துகொண்டார். ராகம் மட்டும் இல்லை, வார்த்தையும் வந்தது. அந்தப் பெண் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். இது அற்புதம் என்று வார்டு முழுக்கச் சொன்னார்கள். நானும் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். அது எப்படி நடக்கிறது என்பதையும் சொல்கிறேன். பேச்சு பெரும்பாலும் மூளையின் இடது பக்கத்து வேலை. பாட்டுக்கு வலது பக்கமும் துணை நிற்கும், அந்தப் பக்கம் அடிபடாமல் இருக்கும்போது பழகின பாட்டு வார்த்தையோடு வெளியே வரும். 1973-ல் அமெரிக்காவில் மருத்துவர்கள் இதை வைத்தே ஒரு பேச்சுப் பயிற்சி உண்டாக்கினார்கள். எல்லாருக்கும் வரும் என்று சொல்ல மாட்டேன். வந்தாலும் பேச்சு உடனே திரும்பிவிடாது.

இன்றைக்கு ராத்திரி நீங்கள் சாப்பிட்டு, அவருக்கும் ஊட்டின பிறகு, குடும்ப ஜெபத்தில் அவருடைய இடது பக்கம் உட்காருங்கள். லாரி ஓட்டும்போது அவர் எந்தப் பாட்டு முணுமுணுப்பார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். புதுப் பாட்டு வேண்டாம், சின்ன வயசிலிருந்து அவர் பாடின கீர்த்தனையாக இருக்கட்டும். அவருடைய இடது கையை உங்கள் கையில் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தாளம் தட்டுங்கள். மகன் முதல் வரியைப் பாடட்டும். பாடி நிறுத்திவிட்டு, அடுத்த வரியை நீங்கள் யாரும் எடுக்காமல் கொஞ்சம் காத்திருங்கள். உதடு அசைகிறதா என்று பாருங்கள்.

என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள். ஒன்றும் நடக்காவிட்டாலும் எழுதுங்கள்.